நீலம் அதிகம் என்றால் நலம் அதிகமா?

வாசகர் கேள்விகளும் லேப் அம்மாவின் பதில்களும்

முதலில் ஒரு திருத்தம். கடிதம் எழுதுபவர்களில் பாதிப் பேர் ‘டாக்டரம்மா’ என்று ஆரம்பிக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. 31 வருடம் லேபில் பிப்பெட்டும் கையுமாக இருந்தவள். நோயாளிகளின் முகத்தைப் பார்த்ததைவிட ட்யூப் மூடியின் நிறத்தைப் பார்த்ததுதான் அதிகம். அதனால் மருந்து எதுவும் சொல்லமாட்டேன். ரிப்போர்ட்டில் இருக்கும் எண் எப்படிப் பிறந்தது என்று சொல்வேன். இந்த முறை வந்த கடிதங்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே எண்ணைப் பற்றியவை.

கேள்வி: முழு உடல் பரிசோதனை ரிப்போர்ட்டில் கடைசிப் பக்கத்தில் ‘மொத்த ஆன்டிஆக்சிடன்ட் திறன்: 1.9’ என்று ஒரு வரி இருக்கிறது. பக்கத்தில் ‘மில்லிமோல் ட்ரோலாக்ஸ் சமானம்’ என்று போட்டிருக்கிறார்கள். எதை அளந்தார்கள்? என் ரத்தத்தில் ட்ரோலாக்ஸ் என்று ஏதாவது கலந்திருக்கிறதா? (44 வயது ஆசிரியை)

பதில்: கலந்திருக்கவில்லை, பயப்படாதீர்கள். ட்ரோலாக்ஸ் என்பது வைட்டமின் ஈ-யைத் தண்ணீரில் கரையும்படி மாற்றிச் செய்த ஒரு பொருள். துணிக்கடையில் மீட்டர் கோல் இருப்பதுபோல லேபில் அது ஓர் அளவுகோல். உங்கள் ரத்த மாதிரி அந்த டெஸ்ட் ட்யூபில் எவ்வளவு வேலை செய்ததோ, அதே வேலையைச் செய்ய லிட்டருக்கு 1.9 மில்லிமோல் ட்ரோலாக்ஸ் தேவைப்படும் என்று அர்த்தம். அவ்வளவுதான்.

என்ன வேலை என்பதுதான் விஷயம். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனில் ஒரு சிறு பங்கு அரைகுறையாக வினைபுரிந்து, பக்கத்தில் இருக்கிற கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. எதையும் தாக்கக்கூடிய ‘ஃப்ரீ ராடிக்கல்’ போன்ற துகள்களாகிறது. அவற்றை அடக்குகிற பொருள்களுக்குப் பொதுப்பெயர் ஆன்டிஆக்சிடன்ட். தாக்குதல் பக்கம் தராசு சாய்ந்துவிட்டால் அந்த நிலைக்கு ‘ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்’ என்று பெயர். 1985இல் ஹெல்முட் சீஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி அதற்கு விளக்கம் எழுதி நிலைக்கச் செய்தார். இந்தத் துகள்களையே பிடித்து எண்ணிவிடலாமே என்றால், நடக்காது. ஹைட்ராக்சில் ராடிக்கல் என்பது இவற்றில் பெரிய போக்கிரி. அதன் ஆயுள் நானோ வினாடிக் கணக்குதான். ஊசி குத்தி ரத்தம் எடுத்து மூடி போடுவதற்குள் எத்தனை தலைமுறை வந்து போயிருக்கும்! அதனால் நேர்வழி விட்டுக் குறுக்குவழியில் போகிறோம்.

நான் கையால் செய்த முறையையே சொல்கிறேன். ஐரிஸ் பென்சி, ஸ்ட்ரெயின் என்ற இருவர் 1996இல் வெளியிட்டது. லேபில் ‘ஃப்ராப்’ என்போம். இரும்பு உப்பு, இரும்பைக் கண்டால் நிறம் காட்டும் ஒரு வேதிப்பொருள், அமிலத் திரவம் மூன்றையும் அன்றன்றைக்குக் கலந்து கொள்ள வேண்டும். இளமஞ்சளாக, வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி இருக்கும். அதில், ரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் மஞ்சள் நீரான சீரம் 10 மைக்ரோலிட்டர். ஒரு சொட்டில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சீரத்தில் இருக்கும் பொருள்கள் இரும்புக்கு எலக்ட்ரானைக் கொடுக்கக் கொடுக்க மஞ்சள் மங்கி, சாம்பல் தட்டி, அப்புறம் நீலம் ஏறும். வைட்டமின் சி உடனே கொடுத்துவிடும். மற்றவை நிதானமாக வரும். 37 டிகிரி சூட்டில் 4 நிமிடம் வைத்து, 593 நானோமீட்டர் ஒளியில் நீலத்தின் அடர்த்தியைப் படிப்போம். எவ்வளவு நீலமோ அவ்வளவு ‘திறன்’.

முதல் நாள் என் சொந்த சீரத்தைத்தான் போட்டுப் பார்த்தேன். நல்ல நீலம் வந்தது. அன்றெல்லாம் ஒரே பெருமை. இரண்டு மாதம் கழித்துத்தான் அந்த நீலத்தில் பெரும்பங்கு எது என்று புரிந்தது. அது அடுத்த கடிதத்துக்கான பதில்.

ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சோதனையில் ஃப்ரீ ராடிக்கல் என்று ஒன்று கிடையவே கிடையாது. இரும்புதான் இருக்கிறது. அதுவும் பி.எச். 3.6 என்ற புளிப்பில். நம் ரத்தமோ 7.4. வேறு முறைகளும் உண்டு. ஒன்றில் ஏபிடிஎஸ் என்ற நீலப்பச்சை ராடிக்கலைச் செய்து வைத்து, ரத்தம் அதை எவ்வளவு வெளுக்கச் செய்கிறது என்று பார்ப்பார்கள். அந்த ராடிக்கல் உடம்பில் எங்குமே இல்லாதது. ‘ஒராக்’ முறையில் ஒளிரும் பொருள் ஒன்றை ராடிக்கல்கள் அணைக்கவிட்டு, ரத்தம் அதை எவ்வளவு நேரம் காப்பாற்றுகிறது என்று பார்ப்பார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் எந்த முறை என்று போடவில்லை என்றால் 1.9 என்பதை நான் நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது.

கேள்வி: எனக்கு ஆன்டிஆக்சிடன்ட் திறன் ‘மிக உயர்வு’ என்று வந்திருக்கிறது. நண்பர்களிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். அதே ரிப்போர்ட்டில் யூரிக் அமிலம் 8.2 என்று சிவப்பில் இருக்கிறது. போன மாதம் கால் கட்டைவிரல் வீங்கி இரண்டு நாள் செருப்பே போட முடியவில்லை. இந்த இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? (52 வயது வாசகர்)

பதில்: உண்டு சார். நீங்கள் சந்தோஷப்பட்டதும் செருப்புப் போட முடியாமல் போனதும் அநேகமாக ஒரே பொருளால்தான்.

ரத்தத்தில் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆன்டிஆக்சிடன்ட்களில் அளவில் பெரியது யூரிக் அமிலம். கணக்குப் பாருங்கள். வைட்டமின் சி லிட்டருக்கு 30 முதல் 80 மைக்ரோமோல்; வைட்டமின் ஈ 20, 30. யூரிக் அமிலமோ 200 முதல் 400 வரை சாதாரணமாக இருக்கும். உங்கள் 8.2 மில்லிகிராமை இந்தக் கணக்குக்கு மாற்றினால் 490க்குப் பக்கத்தில் வருகிறது. நான் சொன்ன இரும்பு முறையில், ஆரோக்கியமானவர்களின் பிளாஸ்மாவிலேயே (ரத்தத்தை உறையவிடாமல் பிரித்தெடுத்த நீர்) ஏறக்குறைய 60 சதவீத நீலம் யூரிக் அமிலத்தால் வருவது. மற்ற முறைகளில் பங்கு குறையும், அல்புமின் புரதம் முன்னே வரும். ஆனாலும் யூரிக் அமிலம் எதிலும் சின்னப் புள்ளி இல்லை.

பெரும்பாலான பாலூட்டிகளுக்கு யூரிகேஸ் என்ற நொதி உண்டு. அது யூரிக் அமிலத்தை மேலும் உடைத்துவிடும். மனிதனும் பெரிய குரங்கினங்களும் பரிணாமத்தில் அந்த நொதியைத் தொலைத்துவிட்டோம். தொலைத்ததால் லாபமும் இருக்கலாம், யூரிக் அமிலம் நமக்கு ஆன்டிஆக்சிடன்ட்டாக உதவுகிறது என்று 1981இல் புரூஸ் ஏம்ஸும் அவரது குழுவும் எழுதினார்கள். கருத்து சுவையானது. ஆனால் அதே பொருள் மிஞ்சினால் மூட்டில் ஊசி ஊசியாகப் படிகமாகி, உங்களைப் படுத்தியதுபோலப் படுத்தும்.

எனக்கு இது புரிந்த நாளைச் சொல்கிறேன். ஒரு ஆய்வுத் திட்டத்துக்காக வரிசை எண் மட்டும் ஒட்டிய சாம்பிள்கள் வரும்; யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. 17ஆம் எண் ட்யூப் மையைக் கொட்டினாற்போல நீலம். திரும்பப் போட்டேன், அதே நீலம். ‘யாரோ நல்ல விளையாட்டு வீரர்’ என்று லேபில் பந்தயமே கட்டினோம். குறியீட்டைப் பிரித்தபோது பார்த்தால், சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸுக்கு வந்தவர். டயாலிசிஸுக்கு முன்பு எடுத்த ரத்தம் அது. முடிந்தபின் எடுத்ததும் எங்களிடமே இருந்தது, 18ஆம் எண்ணாக. அதில் நீலம் நன்றாக வெளுத்திருந்தது. மனுஷர் டயாலிசிஸ் முடிந்து தெம்பாக வீட்டுக்குப் போகிறார். எங்கள் எண்ணோ அவர் ‘பலவீனமாகிவிட்டார்’ என்கிறது! சிறுநீரகம் வெளியே தள்ள முடியாமல் தேங்கிய யூரிக் அமிலத்தைத்தான் நாங்கள் கெட்டிக்காரத்தனம் என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

காமாலையில் ரத்தத்தில் கூடும் மஞ்சள் நிறப்பொருளான பில்லிருபினும் இப்படித்தான். அதுவும் ஆன்டிஆக்சிடன்ட், அதனால் மஞ்சள் காமாலை ரத்தம் இந்தச் சோதனையில் நல்ல மார்க் வாங்க வாய்ப்பு அதிகம். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிருமித் தொற்று ரத்தத்தில் பரவிப் படுத்திருப்பவர்களுக்கும் எண் உயர்ந்திருப்பதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். காரணம் இந்த இருவரே, யூரிக் அமிலமும் பில்லிருபினும்.

ஆகவே நண்பர்களிடம் சொன்னதை விட்டுவிடுங்கள். கட்டைவிரல் வீக்கத்தையும் 8.2ஐயும் டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.

கேள்வி: ஒரே வாரத்தில் இரண்டு லேபில் கொடுத்தேன். ஒன்றில் 1.4, இன்னொன்றில் 980. எந்த லேப் ஏமாற்றுகிறது? (பெயர் வேண்டாம் என்ற வாசகி)

பதில்: யாரும் ஏமாற்றவில்லை. ஒன்று மில்லிமோல், மற்றது மைக்ரோமோல். 980ஐ 1000ஆல் வகுத்தால் 0.98. முறையும் வேறாக இருக்கும், அதனால் அப்போதும் ஒத்துப்போகாது. ஃப்ராப் முறையை வெளியிட்டவர்கள் ஆரோக்கியமானவர்களிடம் பார்த்த வீச்சே 612 முதல் 1634 மைக்ரோமோல் வரை. இரண்டரை மடங்குக்கு மேல்! அந்த அகலத்துக்குள் 980 எங்கோ ஒரு மூலையில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

ரத்தத்தை எடுத்தபின் நடப்பதும் உண்டு. பிளாஸ்மாவைச் சாதாரண அறைச் சூட்டில் மேஜையிலேயே வைத்தால் வைட்டமின் சி வேகமாகக் குறைந்துகொண்டே போகும். சிவப்பணு உடைந்து சாம்பிள் சிவந்துவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்து எண்ணைக் கெடுக்கும். எங்களுக்கே ஒரு முறை நடந்தது. ஒரு வாரம் முழுக்க வந்த சாம்பிள் எல்லாம் நீலமே பிடிக்கவில்லை. சோதனைக் கலவை கெட்டுவிட்டதென்று மூன்று தடவை புதிதாகக் கலந்தேன். கடைசியில் குப்பைத் தொட்டியில் கிடந்த மூடிகளைப் பார்த்தபோதுதான் உறைத்தது: எல்லாம் ஊதா. சிவப்பு மூடி ட்யூப் தீர்ந்துபோக, யாரோ ஊதா மூடி ட்யூபில் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஊதா மூடிக்குள் ஈ.டி.டி.ஏ. இருக்கும், ரத்தம் உறையாமல் இருக்கக் கால்சியத்தைப் பிடிப்பது. அது இரும்பையும் விடாது. நிறம் காட்ட வேண்டிய இரும்பை அது பிடித்து வைத்துக்கொண்டால் நீலம் எங்கிருந்து வரும்?

கேள்வி: விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து, ‘தாக்குதல்’ ஒரு எண், ‘தற்காப்பு’ ஒரு எண் என்று பத்து நிமிடத்தில் கொடுக்கிறார்களே, அது தேவலையா? (37 வயது உடற்பயிற்சிப் பயிற்றுநர்)

பதில்: இரண்டு பக்கமும் பார்க்கிறார்கள், அந்த எண்ணம் நல்லதுதான். தாக்குதல் பக்கம் பெரும்பாலும் டி-ரோம்ஸ் என்ற இத்தாலிய முறை. கர்ரதெல்லி அலகில் சொல்வார்கள், 250 முதல் 300 வரை சாதாரணம் என்பது வழக்கு. ஹைட்ரோபெராக்சைடு என்ற வினை எச்சங்களை அது நிறமாக்குகிறது. ஆனால் செருலோபிளாஸ்மின் என்ற தாமிரப் புரதமும் அதே நிறத்தைக் கிளப்புகிறது என்று ஆய்வாளர்களுக்குள் வெகுநாளாக வழக்கு நடக்கிறது. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு அந்தப் புரதம் கூடும்; டி-ரோம்ஸ் எண்ணும் கூடவே ஏறுகிறது. தற்காப்புப் பக்கம் மறுபடி இரும்பு முறைதான். அதற்கு மேலே சொன்னதெல்லாம் பொருந்தும்.

கேள்வி: எண் குறைவு என்று வந்ததால் வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின் மூன்றையும் மாத்திரையாகப் பரிந்துரைத்தார்கள், டாக்டர் அல்ல, விற்பவர். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்து முன்னேற்றம் காட்டுவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? நான் தினம் சிகரெட் பிடிப்பவன். (48 வயது ஓட்டுநர்)

பதில்: கடைசி வாக்கியத்தை முதலில் எழுதியிருக்க வேண்டும் நீங்கள். பீட்டா கரோட்டினை எடுக்காதீர்கள்.

இது என் அபிப்பிராயம் இல்லை. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 1994இல் வந்தது. தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 18 சதவீதம் கூடியது. அமெரிக்காவில் புகைபிடிப்போரையும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை பார்த்தவர்களையும் வைத்து நடந்த கேரட் என்ற சோதனையில் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்தார்கள். அங்கே 28 சதவீதம் கூடியது; சோதனையைக் குறித்த காலத்துக்கு முன்பே 1996இல் நிறுத்தினார்கள். வைட்டமின் ஈ-க்கும் ஒன்று உண்டு. 35,000க்கு மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து பார்த்த செலக்ட் சோதனையில், தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ எடுத்தவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் என்று 2011இல் தெரிந்தது.

மூன்று மாதத்தில் முன்னேற்றம் காட்டுகிறேன் என்கிறாரே, அதையும் பார்ப்போம். வைட்டமின் சி தினம் 200 மில்லிகிராமைத் தாண்டினால் ரத்தத்தில் அளவு கொஞ்சம்தான் ஏறும்; மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியே அனுப்பிவிடும். ஏற்கெனவே குறைபாடு இருந்தவருக்கு எண் சற்று உயரும், உண்மைதான். அதைவிடச் சுலபமாக உயர்த்த வழி இருக்கிறது: ரத்தம் கொடுக்கப் போகுமுன் தண்ணீர் குடிக்காமல் நன்றாக ஓடிவிட்டு வாருங்கள். கடும் ஓட்டத்துக்குப் பிறகு யூரிக் அமிலம் ஏறும், ‘திறன்’ தானாக எகிறும். செய்துவிடாதீர்கள், சும்மா சொன்னேன்.

அமெரிக்க வேளாண் துறை உணவுப் பொருள்களுக்கு ஒராக் எண் போட்டு ஒரு பட்டியல் வைத்திருந்தது. 2012இல் அதை எடுத்துவிட்டார்கள். டெஸ்ட் ட்யூபில் வரும் எண்ணுக்கும் உடம்பில் நடப்பதற்கும் தொடர்பு நிரூபணமாகவில்லை, விற்பவர்கள் மட்டும் அதை வைத்து வியாபாரம் செய்கிறார்கள் என்பதுதான் காரணம். உங்கள் விற்பனையாளருக்கு இந்தச் சேதி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

உங்கள் ரத்தத்தில் ராடிக்கலைக் கொண்டுவந்து கொட்டுவது சிகரெட் புகை. அதை நிறுத்த உதவி கேட்டு டாக்டரிடம் போவதற்கு எந்தச் சோதனை எண்ணும் தேவையில்லை.

கேள்வி: இப்படி ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டால் என்ன அர்த்தம் அம்மா? ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸை அளக்கவே முடியாதா? நான் உயிர்வேதியியல் முதுகலை மாணவி, இதில்தான் புராஜெக்ட் செய்யப் போகிறேன்.

பதில்: அளக்கலாம் மகளே. ஆனால் பார்க்கும் இடத்தை மாற்று.

புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றும்போது வெள்ளையாக நுரை பொங்குகிறதே, அது கேட்டலேஸ் என்ற நொதி செய்கிற வேலை. பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. அந்த ஆக்சிஜன்தான் நுரை. ஒரே மூலக்கூறு திரும்பத் திரும்ப அந்த வேலையைச் செய்யும், தீர்ந்துபோகாது. 1969இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டறிந்த சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், செலினியம் தாங்கிய குளூட்டாதையோன் பெராக்சிடேஸ் எல்லாம் அந்த ஜாதி. உண்மையான தற்காப்பின் பெரும்பகுதி இவர்கள் கையில், அதுவும் செல்லுக்குள்ளே. நாம் சிவப்பணுவை எல்லாம் சுழற்றி அடியில் தள்ளிவிட்டு, மேலே நிற்கும் மஞ்சள் சீரத்தை எடுத்து ‘மொத்தத் திறன்’ என்கிறோம்! குளூட்டாதையோன் என்ற ஆன்டிஆக்சிடன்ட் சிவப்பணுவுக்குள் மில்லிமோல் கணக்கில் இருக்கும். பிளாஸ்மாவில் சில மைக்ரோமோல்தான். அந்தச் சிலதையும் ஃப்ராப் முறை கண்டுகொள்வதில்லை. ‘மொத்த’ என்ற சொல்லை வைத்தவர்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

அதனால் சேதத்தைப் பார். கொழுப்பு ராடிக்கலால் சிதைந்து உண்டாகும் எஃப்-2 ஐசோபுரோஸ்டேன்கள் என்ற பொருள்களை 1990இல் மாரோ, ராபர்ட்ஸ் குழுவினர் விவரித்தார்கள். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளப்பார்கள். பிளாஸ்மாவிலும் பார்க்கலாம், சிறுநீரிலும் பார்க்கலாம். எலிகளுக்கு கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்து, பல அளவீடுகளை ஒன்றோடொன்று மோதவிட்ட அமெரிக்க ஆய்வில் நின்று தாங்கியவற்றில் இதுவும் ஒன்று. டி.என்.ஏ. அடிபட்டு, வெட்டி எறியப்பட்ட துண்டான 8-ஆக்சோ-டிஜி சிறுநீரில் வரும். இன்னொரு வழி, குளூட்டாதையோனில் செலவானதற்கும் செலவாகாததற்கும் உள்ள விகிதம். அதற்கு ரத்தம் எடுத்த நிமிடமே வேதிப்பொருள் போட்டு நிறுத்தாவிட்டால் ட்யூபுக்குள்ளேயே செலவாகித் தொலைக்கும், நானும் தொலைத்திருக்கிறேன்.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் உங்கள் துறையில் இல்லை, ஃப்ராப்தான் செய்ய முடியும் என்றால் தாராளமாகச் செய். கூடவே ஒவ்வொரு சாம்பிளிலும் யூரிக் அமிலத்தையும் அளந்து, அதன் பங்கைக் கழித்து மிச்சத்தையும் எழுது. மிச்சத்தில்தான் வைட்டமின்களின் சேதி கொஞ்சமாவது தெரியும். ட்யூப் மூடியை நீயே போய்ப் பார்.

கேள்வி: உடற்பயிற்சி செய்தால் ஃப்ரீ ராடிக்கல் அதிகமாகும் என்று படித்தேன். நடையை விட்டுவிடட்டுமா? (61 வயது வாசகர்)

பதில்: விடாதீர்கள். அதிகமாவது உண்மை, அந்தச் சிறு அதிர்ச்சியைப் பார்த்துத்தான் செல் தன் நொதிகளைக் கூட்டிக்கொள்கிறது. 2009இல் ரிஸ்டோவ் குழுவினர் இளைஞர்களுக்கு உடற்பயிற்சியோடு வைட்டமின் சி-யும் ஈ-யும் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை எடுத்தவர்களுக்கு, பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்ய வேண்டிய பலன் வராமல் போனது.

கேள்வி: போன வருடம் 1.6, இந்த வருடம் 1.3. மறுபடி ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டுமா? (58 வயது வாசகி)

பதில்: வேண்டாம். போன வருட ரிப்போர்ட்டையும் இந்த வருட ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யூரிக் அமில வரியைப் பாருங்கள். அது இறங்கியிருந்தால் அதுவே காரணமாக இருக்கும். இறங்கவில்லை என்றால் எனக்கு இரண்டு ரிப்போர்ட்டின் நகலையும் அனுப்புங்கள், எந்த முறை, எந்த ட்யூப் என்ற விவரத்தோடு.